வெயிலே தெரியாத ஊரில் லூபஸ்: மலையில் இருப்பவர்களுக்குத் தோல் பராமரிப்பு, சிகிச்சை வழிகாட்டி

"வெயில்ல ரொம்ப நேரம் நிப்பியாம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்லைங்க டாக்டர். எங்க ஊர்ல வெயிலே கிடையாதுங்க. கோத்தகிரிங்க" என்றேன்.

அவர் என் கழுத்தைக் காட்டினார். சுடிதார் கழுத்து எவ்வளவு இறங்கியிருந்ததோ, அதே அளவில் மார்புக்கு மேலே வட்டம் வட்டமாகத் தடிப்பு. துணி மூடியிருந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை. "உங்க ஊர் வெயில்தாம்மா இங்க கோடு போட்டுக் காட்டியிருக்கு" என்றார்.

இது நடந்து 11 வருடம் ஆகிறது. அன்று கோவையிலிருந்து திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. உடம்பில் சூடு தெரிவது வேறு, தோலைச் சுடும் புற ஊதாக் கதிர் வேறு. மலையில் முதலாவது குறைவு, இரண்டாவது அதிகம். நீலகிரியிலோ கொடைக்கானல் பக்கமோ லூபஸோடு வாழ்கிறவர்களுக்கு இந்த ஒன்று புரிந்துவிட்டால் பாதி சிகிச்சை நடந்த மாதிரி. மீதிப் பாதியை மருந்து பார்த்துக்கொள்ளும். நான் டாக்டர் இல்லை, நோயாளி. மருந்தின் அளவை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்க வேண்டும், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: என்ன நோய் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்

கிருமியை எதிர்க்க நம் உடம்பில் இருக்கும் எதிர்ப்பு சக்தி, வழிதவறி நம் உடம்பையே தாக்கத் தொடங்குவதுதான் லூபஸ். லத்தீனில் லூபஸ் என்றால் ஓநாய். முகத்துப் புண் ஓநாய் கடித்தது போலத் தெரிந்ததால் வந்த பழைய பெயர். உடம்பு முழுவதையும் பாதிக்கும் லூபஸில் 10 பேரில் சுமார் 9 பேர் பெண்கள். பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள் தொடங்கும்.

தோலோடு மட்டும் நின்றுவிடும் லூபஸ் உண்டு. தோல், மூட்டு, சிறுநீரகம், ரத்தம், மூளை எனப் பல உறுப்புகளைத் தொடும் லூபஸும் உண்டு. தோலில் வந்ததாலேயே சிறுநீரகமும் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். அதே சமயம் 'வெறும் தோல்தானே' என்று விட்டுவிடவும் கூடாது. எந்த வகை என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இது ஒட்டாது. தொட்டாலோ, ஒரே துண்டில் துடைத்தாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ பரவாது. இதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் யாரும் சொல்லாமலேயே ஆறு மாதம் என் துண்டு தனிக் கொடியில் காய்ந்தது. டாக்டரிடம் அம்மாவைக் கூட்டிப்போய் அவர் வாயால் சொல்லக் கேட்ட பிறகுதான் அது எல்லாத் துண்டோடும் சேர்ந்தது. இன்னொன்று, 'லூபஸ் வல்காரிஸ்' என்று ஒரு நோய் இருக்கிறது. அது தோலில் வரும் காசநோய். பெயரில்தான் ஒற்றுமை, சிகிச்சை முற்றிலும் வேறு. சீட்டில் எழுதியிருப்பதைச் சரியாகப் படித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள்

ட்யூப்லைட்டில் பார்த்தால் பாதி தெரியாது. ஜன்னல் ஓரம், காலை வெளிச்சத்தில், முகம், காது, உச்சந்தலை, கழுத்து, கை, விரல் என ஒவ்வொன்றாகப் பாருங்கள். செல்போனில் படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். டாக்டரைப் பார்க்கும் நாளில் தடிப்பு மறைந்திருப்பது இந்த நோயில் சகஜம். அப்போது அந்தப் படம்தான் பேசும்.

புத்தகங்களில் வரும் பட்டாம்பூச்சித் தடிப்பு பலருக்கும் தெரியும். இரண்டு கன்னங்களிலும் படர்ந்து மூக்குத் தண்டின் மேல் சேரும். மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கோடி வரை இறங்கும் மடிப்பை மட்டும் விட்டுவிடும். அடையாளம் காண அந்த மடிப்புதான் முக்கியம். பொடுகு சம்பந்தப்பட்ட தோல் அழற்சி அந்த மடிப்பிலேயே போய் உட்காரும், லூபஸ் அதைத் தவிர்க்கும். மங்கு என்றால் சூடோ வீக்கமோ இல்லாத வெறும் கருமை. படங்களில் சிவப்பாகக் காட்டுவது வெளுத்த தோலில்தான். நம் நிறத்தில் அது ஊதா கலந்த கருமையாக, லேசாக வீங்கினாற்போல், தொட்டால் சூடாகத் தெரியும். இது பெரும்பாலும் உடம்பு முழுவதையும் தொடும் லூபஸோடு சேர்ந்து வருவதால் தள்ளிப்போடாதீர்கள். நல்ல செய்தி, இது தழும்பு வைக்காது.

எனக்கு வந்தது இரண்டாவது வகை. நடுவில் வெளிறி, ஓரத்தில் மட்டும் செதில் உதிரும் வளையங்கள். கழுத்து, மேல்முதுகு, முன்கையின் வெளிப்புறம் என வெயில் படும் இடங்களில் வரும். பார்க்க அசல் படர்தாமரைதான். நானும் அப்படியே நம்பி, மெடிக்கலில் கேட்டு வாங்கிய கிரீமை ஒரு வருடத்துக்கு மேல் தடவினேன். அதில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருந்தது. தடவினால் அமுங்கும், விட்டால் திரும்பும். கழுத்துத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து நரம்பு தெரிய ஆரம்பித்தது. பிறகு 'உள்ளுக்கு' என்று டெர்பினஃபின் மாத்திரை வந்தது, வளையங்கள் இன்னும் பரவின. டெர்பினஃபினே இந்த வகை லூபஸைத் தூண்டக்கூடிய மருந்துகளில் ஒன்று என்று பின்னால்தான் தெரிந்தது. பிரஷருக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு, நெஞ்செரிச்சலுக்குத் தரும் ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. தானாக எதையும் நிறுத்தாதீர்கள், ஆனால் சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டையையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

படர்தாமரை இடுப்பு, தொடை இடுக்கு, அக்குள் என்று மூடிய ஈரமான இடங்களில் அதிகம் வரும், அரிப்பு தாங்காது. லூபஸ் வளையம் திறந்த இடத்தில் வரும், அரிப்பு இருந்தாலும் குறைவு. சந்தேகம் இருந்தால் செதிலைச் சுரண்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சின்னப் பரிசோதனை இருக்கிறது. செலவு குறைவு, சில நிமிட வேலை. இரண்டாவது கிரீம் டியூப் வாங்கும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, நாணய வடிவத் தடிப்பு. டிஸ்காய்டு என்பார்கள். முகம், உச்சந்தலை, உதடு, காது மடலின் உட்குழி இவையெல்லாம் அதற்குப் பிடித்த இடங்கள். காதுக்குழியைக் கண்ணாடியில் பார்க்க முடியாது, வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். செதில் பசை போட்ட மாதிரி ஒட்டியிருக்கும். அது தானாகப் பெயர்ந்து வந்தால் திருப்பிப் பாருங்கள்: அடிப்பக்கத்தில் ஊசிமுனை மாதிரி குட்டிக் குட்டி முட்கள் நிற்கும். மயிர்க்கால் துளைகளை அடைத்திருந்த செதில்தான் அப்படி வருகிறது. நீங்களாகப் பிய்க்காதீர்கள். ஆறும்போது நடுவில் வெள்ளையாகவும் ஓரத்தில் கருவளையமாகவும் தழும்பு விழும். அதைப் பார்த்து வெண்புள்ளி என்றும் தொழுநோய் என்றும் ஊரில் பேச்சு கிளம்பும். தொழுநோய்த் திட்டில் பெரும்பாலும் உணர்ச்சி மரத்திருக்கும், வெண்புள்ளியில் செதிலோ குழிவோ இருக்காது. நாணயத் தடிப்பு மட்டும் உள்ளவர்களில் சுமார் 5 முதல் 10 சதவீதம் பேருக்குப் பின்னாளில் உடம்பு முழுவதும் லூபஸ் வரலாம். கழுத்துக்குக் கீழேயும் பரவியிருந்தால் அந்த வாய்ப்பு கூடும். பல வருடத் தழும்பில் ஆறாத புண்ணோ கட்டியோ வந்தால் உடனே காட்டுங்கள். அரிதாகப் புற்றாக மாறலாம்.

தோலுக்கு அடியில் கொழுப்பில் கட்டியாக வந்து பள்ளம் விழவைக்கும் வகையும், குளிரில் விரல்கள் ஊதாவாகத் தடிக்கும் வகையும் உண்டு. பின்னதுக்கு எட்டாவது படியில் வருகிறேன், மலைக்காரர்களுக்கு அது தனிக்கதை.

படி 3: பரிசோதனைக்குப் போகும்போது

தோல் மருத்துவரிடம் போங்கள். மூட்டு வலி, காய்ச்சல், களைப்பு இருந்தால் மூட்டு நோய் நிபுணரையும் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு முன் சில நாள் கிரீம் எதையும் தடவாமல் இருக்கலாமா என்று போனிலேயே கேளுங்கள். ஸ்டீராய்டு தடவிய தோல் உண்மையைக் காட்டாது.

தோல் பயாப்சி என்றதும் பலர் பின்வாங்குகிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, பென்சில் முனை அளவுக்குத் தோலை எடுப்பார்கள், ஓரிரு தையல் விழும், அவ்வளவுதான். நாணயத் தடிப்பை உறுதி செய்ய இதுதான் நம்பகமான வழி.

ரத்தத்தில் முதலில் ஏ.என்.ஏ. பார்ப்பார்கள், நம் உடம்பின் செல்களையே குறிவைக்கும் எதிரணு அது. அது பாசிட்டிவ் என்றாலே லூபஸ் என்று முடிவுகட்ட வேண்டாம். நல்ல ஆரோக்கியமானவர்களிலும் கணிசமானவர்களுக்கு லேசாகப் பாசிட்டிவ் வரும். 2019-ல் வெளியான சர்வதேச வகைப்பாட்டு முறையில் ஏ.என்.ஏ. வெறும் வாசற்படி. அதைத் தாண்டிய பிறகு தோல், மூட்டு, ரத்தம், சிறுநீரகம் என ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்து 10 வந்தால்தான் உடம்பு முழுவதும் உள்ள லூபஸ் என்று வகைப்படுத்துகிறார்கள். மாறாக, தோலோடு நிற்கும் லூபஸில் ஏ.என்.ஏ. நெகட்டிவாகவும் இருக்கலாம்.

சிறுநீரில் புரதம் போகிறதா என்ற பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். சிறுநீரகம் கெடத் தொடங்கும்போது வலிக்காது. குழந்தை பெற்றுக்கொள்ளும் வயதில் இருந்தால் ஆன்ட்டி-ரோ என்ற எதிரணுவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

படி 4: வெயிலை நிழலால் அளந்து பழகுங்கள்

கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிரின் வீரியம் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. ஊட்டி 2200 மீட்டருக்கு மேல், கொடைக்கானல் 2100 மீட்டர், குன்னூரும் கோத்தகிரியும் 1800 மீட்டரை ஒட்டி. நாம் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து 10, 11 டிகிரி தூரத்தில்தான், சூரியன் வருடத்தில் இரண்டு முறை நேர் உச்சிக்கு வருகிறது. மெல்லிய மேகத்தைத் துளைத்துக்கொண்டு 80 சதவீதம் வரை கதிர் இறங்கிவிடும். மூடுபனி விலகி லேசாக வெளுத்திருக்கும் வானத்தைப் பார்த்து 'இன்னைக்கு மப்பா இருக்கு' என்று குடை இல்லாமல் கிளம்புகிறோமே, அந்த நாள்தான் ஆபத்தானது.

இதைவிட ஏமாற்றுவது உறைபனிக் காலம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியை ஒட்டிய தலைக்குந்தா, காந்தள் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அப்படி இரவு உறைகிறது என்றால் வானத்தில் மேகமே இல்லை என்று அர்த்தம். மறுநாள் பளீரென்று வெயில். ஊரே சுவரோரம் உட்கார்ந்து வெயில் காயும். அது எவ்வளவு சுகம் என்று எனக்குத் தெரியும், இன்றும் மனசு இழுக்கும். ஆனால் அந்த வெயிலை மறைக்க வானத்தில் ஒரு திரைகூட இல்லை. விடிந்ததும் பத்து நிமிடம் உட்காருங்கள், பத்து மணிக்குப் போய் உட்காராதீர்கள்.

வெயில் பட்ட அன்றே தடிப்பு வராது. சில நாள் கழித்தும், சிலருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்தும் வரும். அதனால்தான் யாரும் இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்ப்பதில்லை. பங்குனியில் கோயில் திருவிழாவில் நின்றது சித்திரையில் முகத்தில் தெரியும்.

அளக்க ஒரு எளிய வழி: உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது. பெரும்பாலும் காலை 9:30 முதல் மாலை 3:30 வரை அப்படித்தான் இருக்கும். சந்தை, துணி காயப்போடுவது, தோட்டத்தைச் சுற்றிப்பார்ப்பது எல்லாவற்றையும் அதற்கு முன்னும் பின்னும் தள்ளுங்கள்.

கொழுந்து பறிக்கிறவர்களும் கேரட் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர்களும் நேரத்தைத் தள்ள முடியாது. அவர்களுக்குத் துணிதான் முதல் மருந்து. சேலைக்கு மேலே ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நம் தோட்டங்களில் ஏற்கெனவே இருக்கும் பழக்கம். அதையே கொஞ்சம் கவனமாகச் செய்யுங்கள்: நெருக்கமாக நெய்த, அடர் நிறச் சட்டை, காலர் பட்டன் வரை போட்டது. சட்டையை விளக்குக்கு நேரே பிடியுங்கள், வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் கதிரும் ஊடுருவும். தலையில் துண்டு மட்டும் கட்டினால் கன்னம் திறந்து கிடக்கும், அதற்கு மேல் அகல விளிம்புத் தொப்பி வேண்டும்.

சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 50, அதோடு பி.ஏ. குறியில் மூன்று பிளஸாவது இருக்கட்டும். எஸ்.பி.எஃப். ஒரு வகைக் கதிருக்கு, பி.ஏ. இன்னொரு வகைக்கு, லூபஸை இரண்டும் கிளறும். ஜிங்க் ஆக்சைடு உள்ளவை உறுத்தும் தோலுக்கு ஒத்துப்போகும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் கோடாகப் பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். முதல் தடவை பார்க்கும்போது அதிகமாகத்தான் தெரியும். காது மடல், பின்கழுத்து, புறங்கை மறந்துபோகும் இடங்கள். கிளம்ப கால் மணி நேரம் முன் பூசி, வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பூசுங்கள். இப்படிப் பூசினால் 50 கிராம் டியூப் ஒரு மாதம்கூட வராது. நான்கு மாதம் வருகிறதென்றால் பூசுவது போதவில்லை. விலை கட்டுப்படியாகாதவர்கள் உடம்பை முழுக்கத் துணியால் மூடிவிட்டு, முகத்துக்கும் கைக்கும் மட்டும் சரியான அளவில் பூசுங்கள். எல்லா இடத்திலும் மெலிதாகப் பூசுவதைவிட அது நல்லது.

ஜன்னல் கண்ணாடி ஒரு வகைக் கதிரை நிறுத்தும், இன்னொன்றை விட்டுவிடும். மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் வெயில் விழாத பக்கமாகப் பார்த்து உட்காருங்கள். மழைக்கென்று எப்போதும் கையில் இருக்கும் கறுப்புக் குடையை வெயிலுக்கும் விரியுங்கள். யாராவது பார்த்தால் பார்க்கட்டும்.

இவ்வளவு மறைத்தால் வைட்டமின் டி குறையும். ரத்தத்தில் பார்த்து, குறைந்தால் மாத்திரையாக எடுத்துக்கொள்ளலாம்.

படி 5: பூசும் மருந்துகள்

ஸ்டீராய்டு கிரீம் என்றாலே ஆகாது என்பதில்லை. எந்த இடத்துக்கு எந்த வீரியம், எத்தனை நாள் என்பதில்தான் விஷயம். முகத்துக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற மென்மையானது, உடம்புக்கு மொமெட்டசோன் போன்ற நடுத்தரம், தடித்த நாணயத் திட்டுக்கும் தலைக்கும் குளோபெட்டசோல் போன்ற வீரியமானது. வாரக்கணக்கில்தான், மாதக்கணக்கில் இல்லை. விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்குப் போதும்.

முகத்தில் நீண்ட நாள் பூச டாக்ரோலிமஸ் களிம்பு இருக்கிறது. தோலை மெலிய வைக்காது. முதல் சில நாள் மிளகாய் பட்ட மாதிரி எரியும். அதற்குப் பயந்து நிறுத்துகிறவர்கள்தான் அதிகம், பொறுத்துக்கொண்டால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். பிடிவாதமான நாணயத் திட்டுக்கு டிரையாம்சினோலோன் ஊசியைத் திட்டுக்குள்ளேயே போடுவார்கள். வலிக்கும், ஆனால் தலையில் முடி நிரந்தரமாகப் போவதைத் தடுக்க அது உதவும்.

படி 6: ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்

தோல் லூபஸுக்கு முதல் மாத்திரை இதுதான். அதன் வேர் நம் மலையோடு தொடர்புடையது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். 1860-களில் தென் அமெரிக்காவின் சின்கோனா மரத்தைக் கொண்டுவந்து தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிரிட்டார்கள். மலேரியாவுக்கான குயினைன் அதன் பட்டையிலிருந்து வந்தது. 1894-ல் லண்டன் மருத்துவர் பேய்ன், லூபஸ் தடிப்புக்குக் குயினைன் கொடுத்ததைப் பதிவு செய்தார். மலேரியா மருந்து தோலையும் ஆற்றுகிறது என்ற அந்தத் தடத்தில் வந்ததுதான் 1955-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். இது ஆய்வகத்தில் செய்யப்படும் மருந்து, குயினைனே அல்ல. பட்டைக் கஷாயம் இதற்கு மாற்றாகாது, தயவுசெய்து முயலாதீர்கள்.

அளவு உங்கள் உடல் எடையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்கு நாளைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 40 கிலோ இருப்பவருக்கு உச்ச அளவு 200, ஒரு மாத்திரை. 60 கிலோ என்றால் 300, அதற்கு ஒரு நாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று தருவார்கள். எடை குறைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். சாப்பாட்டோடு விழுங்கினால் வயிறு புரட்டாது.

பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். இங்கேதான் நிறையப் பேர் கைவிடுகிறார்கள். எனக்கு இரண்டாவது மாதம் முடியும்வரை ஒரு மாற்றமும் இல்லை. பத்தாவது வாரத்தில் புது வளையம் வருவது நின்றது, அப்புறம்தான் பழையது மங்கியது. அந்தக் காத்திருப்பு காலத்துக்குத்தான் கிரீம்.

கண் பரிசோதனையை விடாதீர்கள். ஆரம்பித்த முதல் வருடத்துக்குள் ஒரு முறை, 5 வருடம் ஆன பிறகு வருடாவருடம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே தொடங்க வேண்டும். விழித்திரை பாதித்தால் ஆரம்பத்தில் உங்களுக்கே தெரியாது, ஓ.சி.டி. ஸ்கேனிலும் பார்வைப்புலப் பரிசோதனையிலும்தான் தெரியும். வெறுமனே கண்ணாடிக் கடையில் எழுத்துப் படித்துக் காட்டுவது இதில் சேராது.

புகை பிடித்தால் தோல் லூபஸ் மோசமாகும், இந்த மாத்திரையின் பலனும் குறையும். வீட்டில் ஆண்கள் பிடிக்கும் பீடியையும் வாசலுக்கு வெளியே அனுப்பிவிடுங்கள்.

படி 7: அது போதாதபோது

மெத்தோட்ரெக்சேட், மைக்கோபீனோலேட், அசத்தியோபிரின், டாப்சோன் என அடுத்த வரிசை இருக்கிறது. இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரே ஒரு நாள். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் அந்தக் கிழமையை வட்டமிட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். அதுவும் மைக்கோபீனோலேட்டும் கர்ப்பத்தில் ஆகாது. டாப்சோனுக்கு முன் ஜி6பி.டி. என்ற ரத்தப் பரிசோதனை வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள், படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். உடம்பு முழுவதும் உள்ள லூபஸுக்கு 2011-ல் பெலிமுமாப், 2021-ல் அனிஃப்ரோலுமாப் என்ற ஊசி மருந்துகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. விலை அதிகம்.

படி 8: குளிர் மாதங்களில் விரல்களைக் காப்பது

பச்சைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும்போது விரல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, பிறகு நீலமாகி, சூடு வந்ததும் சிவந்து விண்விண்ணென்று தெறிக்கிறதா? ரேனாட் என்பார்கள், லூபஸோடு சேர்ந்து வரும். விரல் நுனி, கால்விரல், குதிகால், காது மடலில் ஊதா நிறத்தில் வலியும் அரிப்புமாகத் தடிப்பு வந்தால் அது குளிரில் வரும் லூபஸாக இருக்கலாம். குளிரால் விரல் தடிப்பது லூபஸ் இல்லாத மலைக்காரர்களுக்கும் உண்டு. சித்திரை, வைகாசி வந்தும் ஆறாமல் நின்றால் சந்தேகப்படுங்கள்.

விறைத்த கையைக் கங்கு மேல் காட்டிக் குளிர் காய்வதை நிறுத்துங்கள். திடீர்ச் சூடு தடிப்பை மோசமாக்கும், மரத்த விரல் சுட்டுக்கொள்வதும் தெரியாது. ஈரத்தைத் துடைத்து, அக்குளில் வைத்து மெல்ல சூடேற்றுங்கள். பாத்திரத்துக்கும் துணிக்கும் வெதுவெதுப்பான தண்ணீர், உள்ளே பருத்திக் கையுறை, வெளியே ரப்பர் கையுறை. காலையில் கொழுந்துச் செடி பனியில் நனைந்திருக்கும், விரல் ஈரமாகவே இருக்கும். ஒரு ஜோடி உலர்ந்த கையுறையைக் கூடவே எடுத்துப் போய் டீ நேரத்தில் மாற்றுங்கள். கையை மட்டும் மூடினால் போதாது. உடம்பு சூடாக இருந்தால்தான் விரலுக்கு ரத்தம் போகும், ஸ்வெட்டருக்கு உள்ளே ஒரு பனியன் சேருங்கள். இதற்கெல்லாம் அடங்காவிட்டால் நிஃபெடிபின் மாத்திரை உதவும், மருத்துவரிடம் கேளுங்கள். விரல் நுனி கறுத்தாலோ புண்ணானாலோ அன்றே போக வேண்டும்.

படி 9: முடி, வாய், குழந்தை

நோய் கிளர்ந்திருக்கும்போது கொத்தாகக் கொட்டும் முடி, நோய் அடங்கினால் திரும்ப வளரும். நாணயத் திட்டு தழும்பாகி வழுக்கை விழுந்த இடத்தில் வளராது. அதனால் உச்சந்தலைத் திட்டுக்குச் சிகிச்சையைத் தாமதிக்காதீர்கள். மேல்வாயில் வலியில்லாத புண் வந்தால் அதையும் சொல்லுங்கள், வலிக்கவில்லை என்பதாலேயே பலர் சொல்வதில்லை. வெளுத்த தழும்பை மறைக்க, தோல் நிறத்துக்கு ஒத்த மறைப்புக் கிரீம்கள் உள்ளன. கல்யாண வீட்டுக்குப் போகத் தயங்கி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

ஆன்ட்டி-ரோ உள்ள தாயின் குழந்தைக்குப் பிறந்தவுடன் வளையத் தடிப்பு வரலாம், அது சில மாதத்தில் மறைந்துவிடும். இதயத்துடிப்பு தடைபடும் பிரச்சினை சுமார் 2 சதவீதம் கர்ப்பங்களில் வரலாம் என்பதால் நான்காவது, ஐந்தாவது மாதத்திலிருந்து கருவின் இதய ஸ்கேன் பார்ப்பார்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் அந்த ஆபத்தைக் குறைக்கும். 'மாசமா இருக்கே, மாத்திரை வேண்டாம்' என்று வீட்டில் யார் சொன்னாலும் அதை நிறுத்தாதீர்கள். நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்கும் நேரம் பார்த்துக் கருத்தரிப்பது நல்லது.

படி 10: உடனே மலையிறங்க வேண்டிய அறிகுறிகள்

சிறுநீர் நுரைத்துப் போவது, முகமோ காலோ வீங்குவது, மூச்சு இழுத்தால் நெஞ்சு குத்துவது, மூச்சுத்திணறல், வலிப்பு, குழப்பமான பேச்சு, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருக்கும்போது காய்ச்சல், அழுத்தினால் மறையாத ரத்தப் புள்ளிகள், புது மாத்திரைக்குப் பிறகு வாய்ப்புண்ணோடு தோல் கொப்பளிப்பது. இதில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு துணிப்பை தொங்குகிறது. அதில் பயாப்சி ரிப்போர்ட், கடைசி ரத்தம், சிறுநீர் முடிவுகள், மருந்துப் பட்டியல், ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர், இரண்டு நாள் மாத்திரை, ஒரு ஸ்வெட்டர். சாயங்காலம் நாலு மணிக்குச் சந்தேகம் வந்தால் 'விடியட்டும் பார்ப்போம்' என்று விடாமல் அப்போதே கிளம்பிவிடுவோம், முடியாவிட்டால் 108. ஆறு மணிக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் கொண்டை ஊசி வளைவுகளில் முன்னால் போகும் லாரியின் பின்விளக்குகூடத் தெரியாது.